நல்ல எஞ்சினை வைத்துவிட்டுப் போன திருடன்

அத்தியாயம் 4

திருட்டு என்றால் ஏதாவது ஒன்று காணாமல் போக வேண்டும். ஆறு வருடத் துப்பறியும் வாழ்க்கையில் கில்பர்ட் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான். அந்த ஆறில் ஐந்தரை வருடம், துபாய் மாப்பிள்ளைக்கு நிஜமாகவே துபாயில் வேலை இருக்கிறதா என்று பெண் வீட்டாருக்காக விசாரித்ததிலேயே போய்விட்டது என்பதை அவன் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் ஜுவைரியா டிடெக்டிவ் ஏஜென்சி. ஜுவைரியா யோசிப்பாள், கில்பர்ட் பேசுவான். இந்த வேலைப் பங்கீட்டில் இருவருக்கும் இதுவரை தகராறு வந்ததில்லை.

அன்று படியேறி வந்தவர் பெரியபட்டினத்து மீன் வியாபாரி அலியார். அறுபது வயது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, வெள்ளைத் தொப்பி. உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சொன்னார்.

“என் பிக்கப் வண்டில எவனோ கைய வச்சிட்டான் புள்ள. எஞ்சினைத் தூக்கிட்டுப் போயிட்டான்.”

“யா அல்லாஹ்! அப்ப வண்டி ஓடலையா மாமா?” என்றாள் ஜுவைரியா.

“ஓடுது. அதானே பிரச்சினை. சும்மா வழுக்கிக்கிட்டு ஓடுது. வேற நல்ல டீசல் எஞ்சினா வச்சிட்டுப் போயிருக்கான் படுபாவி. புகை இல்ல, சத்தம் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

எழுதிக்கொண்டிருந்த கில்பர்ட் பேனாவை மூடினான். “பாய், புகாரை நான் எப்படி எழுத? திருடன் வந்து வண்டியைச் சரி பண்ணிட்டான்னா? அவன் அட்ரஸ் கிடைச்சா எனக்கும் கொடுங்க. என் பைக் ஒண்ணு கிடக்கு.”

அலியாருக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் கலங்கியது. அதைப் பார்த்ததும் ஜுவைரியா கில்பர்ட்டை முறைத்தாள். அவன் மறுபடியும் பேனாவைத் திறந்தான்.

விஷயம் இதுதான். அலியாரின் வண்டி தொண்ணூற்றெட்டாம் வருடத்து பிக்கப். அதன் டீசல் எஞ்சினுக்கு ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாது, சைலன்சரில் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்கு ஓட்டை. ‘தடக்... தடக்... டமார்’ என்று அது தெரு முனையில் திரும்பும்போதே வீடுகளில் அலமாரிப் பாத்திரம் ஆடும். அதுதான் அடையாளம். பெண்கள் கதவை ஒரு சாண் திறந்து மீன் சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே நின்றுகொள்வார்கள். அலியார் வாய் திறக்க மாட்டார். எந்தச் சட்டிக்கு என்ன மீன், எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். இருபது வருடமாக அவர் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை, அவர்கள் முகத்தை இவர் பார்த்ததில்லை. வியாபாரம் மட்டும் ஒரு நாள் தவறாமல் நடந்தது.

“போன மாசம் பத்து நாள் பள்ளிவாசல் ஜமாஅத்தோட வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்து சாவியைத் திருகுனா சத்தமே இல்ல. வண்டி ஸ்டார்ட் ஆகலையோன்னு மறுபடி திருகுறேன். மறுநாள் மீனை ஏத்திக்கிட்டுத் தெருவுல போறேன், ஒரு கதவு தொறக்கல. ஒரு சட்டி வரல. ரெண்டு வாரமாச்சு. தினம் முக்கால்வாசி மீனை உப்புப் போட்டுக் கருவாடாக்கிக்கிட்டு இருக்கேன். இப்படியே போனா வண்டியை வித்துட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான். எனக்கு என் பழைய எஞ்சின் வேணும் புள்ள.”

“ஒரு ஸ்பீக்கர் கட்டிக்கிறது பாய்?” என்றான் கில்பர்ட்.

“தம்பி, வெங்காயம் ஸ்பீக்கர்ல வருது, உப்பு ஸ்பீக்கர்ல வருது, பழைய பேப்பர், கோலமாவு, பிளாஸ்டிக் குடம் எல்லாம் ஸ்பீக்கர்ல வருது. ஸ்பீக்கர் சத்தம் கேட்டா பொம்பளைங்க கதவைச் சாத்துறாங்கப்பா.”

கில்பர்ட் தலையாட்டினான். அவன் அம்மாவும் அப்படித்தான் சாத்துவாள்.

“சாவி யார்கிட்ட இருந்துச்சு மாமா?”

“வீட்டுல, என் பொஞ்சாதி குல்சும்கிட்ட. எவனோ வாசல்ல வந்து, ‘துபாய்ல இருந்து உங்க மகன் அஃப்ரித் அனுப்புனாரு, வாப்பாவுக்குத் தெரியாம புது எஞ்சின் போட்டு வைக்கணும்னாரு’ன்னு சொல்லியிருக்கான். இவ கதவுக்குப் பின்னால இருந்தே சாவியை நீட்டியிருக்கா. ஆளைப் பார்க்கல.”

“மகன்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘ஆமா வாப்பா, நான்தான் அனுப்புனேன்’ங்குறான். எந்த மாடல் எஞ்சின்டான்னேன். ‘நல்ல மாடல் வாப்பா’ன்னான். எங்க வாங்குனடான்னேன். ‘கடையில வாப்பா’ன்னான். அவன் வாங்கல புள்ள. எனக்குத் தெரியாதா என் மவனை? ஆனா குல்சும் அவன்தான்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா.”

ஜுவைரியா எழுந்து கீழே போய் வண்டியின் பானட்டைத் திறக்கச் சொன்னாள். மோட்டார் வாகன அறிவில் அவளுக்குப் பெட்ரோலும் டீசலும் வேறு என்பது வரைக்கும் தெரியும். ஆனாலும் ஐந்து நிமிடம் குனிந்து பார்த்தாள். எஞ்சினைத் தாங்கும் இரும்புகள் புதிதாக வெட்டி வெல்டிங் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு ரப்பர் குழாய்க்கும் ஒன்றுக்கு இரண்டாகக் கிளாம்ப். ஒவ்வொரு போல்ட்டிலும் அல்வா கிண்டியது போலக் கிரீஸ்.

“ஏலே கில்பர்ட்டு, ரோட்டு மெக்கானிக் இம்புட்டு கிரீஸ் வைப்பானா?”

“மாட்டான்க்கா. காசு மிச்சம் பண்ணுவான்.”

“அப்ப இது யாரு வேலை? தினம் உப்புத் தண்ணியைப் பார்த்துப் பயந்தவன் வேலை. நடுக்கடல்ல ஒரு குழாய் கழண்டா உயிர் போயிரும்னு ரெண்டு ரெண்டா கட்டிப் பழகுனவன்.”

கில்பர்ட் நெற்றியில் அடித்துக்கொண்டான். “போட் மெக்கானிக்! மண்டபத்துல ஆன்டனி ராஜ் அண்ணன் இருக்காரு. எங்க சித்தப்பா போட்டுக்கு அவருதான் இப்படிக் கட்டுவாரு.”

ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் மண்டபத்தில் இருந்தார்கள். கில்பர்ட்டின் பைக் மூன்று முறை நின்றது. அந்தத் திருடன் நம் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டானா என்று கில்பர்ட் வழியெல்லாம் ஏங்கிக்கொண்டு வந்தான்.

படகுத்துறையை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஆன்டனி ராஜ் கழற்றிப் போட்ட ஒரு விசைப்படகு எஞ்சினுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கேட்டதும் மறைக்கவில்லை. சந்தோஷப்பட்டார்.

“வேலையைப் பார்த்தியாம்மா? எப்படி? ஒருத்தன்கூட வந்து நல்லா இருக்குன்னு சொல்லல. அந்த எஞ்சின் அந்த வண்டிக்குச் சேரவே சேராது. மவுண்டை வெட்டி ஒட்டி, புரொப்பல்லர் ஷாஃப்டைக் குறைச்சு, ரேடியேட்டரை மாத்தி, வயரு மட்டும் ரெண்டு நாள் இழுத்தேன். ஆறு நாள்ல ரெண்டு வண்டியையும் முடிச்சேன்.”

“ரெண்டு வண்டியா?” இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“ஆமா. இது ஒண்ணு, அந்த வெள்ளை பிக்கப் ஒண்ணு. வெள்ளை வண்டில இருந்த நல்ல எஞ்சினைக் கழட்டி இதுல வச்சேன். இதுல இருந்த ஓட்டை எஞ்சினைக் கழட்டி வெள்ளை வண்டில வச்சேன். முப்பத்தஞ்சு வருஷத் தொழில்ல இப்படி ஒரு கிறுக்கு வேலை நான் பார்த்ததில்ல. பழைய சைலன்சரும் அதுக்கே வேணுமாம். ஓட்டையை அடைக்கட்டுமாப்பான்னு கேட்டேன். ‘தொட்டீங்க, அவ்வளவுதான்’னு கத்துறான்.”

“யார் அந்த ஆளு?”

ஆன்டனி ராஜ் தலையைச் சொறிந்தார். “ஒல்லியா இருந்தான். மூஞ்சில மாஸ்க்கு. பேரு சொன்னான், மறந்துட்டேன். எஞ்சினைக் கொண்டாங்க, யாருதுன்னு சொல்லிருவேன். ஆளுங்க மூஞ்சி எனக்கு நிக்காதும்மா.”

வெளியே வந்ததும் கில்பர்ட் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, இது கடத்தல். பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை. ராத்திரியோட ராத்திரியா இலங்கைக்கு...”

இந்தக் கடற்கரையில் காக்கை செத்துக் கிடந்தாலும் கடத்தல் என்றுதான் முதலில் சொல்வார்கள். கில்பர்ட்டைக் குற்றம் சொல்வதற்கில்லை.

“ஊரே முழிச்சுக்கிற மாதிரி சத்தம் போடுற வண்டியிலயா கடத்துவான்? அவனுக்கு எஞ்சின் வேண்டாம்லே. நல்ல எஞ்சினைக் கொடுத்துட்டானே. அவன் பத்திரமா எடுத்துட்டுப் போனது அந்த ஓட்டையை.” சொல்லிவிட்டு ஜுவைரியா சற்று நின்றாள். “சத்தத்தைத் திருடி ஒருத்தன் என்ன செய்வான்?”

பதில் பெரியபட்டினத்தில் இருந்தது. அலியாரின் தங்கை மலிகா, அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அண்ணனை அவள் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். எஞ்சின் மாற்றியதிலிருந்து ஏன் சட்டி வைப்பதில்லை என்று கேட்க ஜுவைரியா வீட்டுக்குள் போனாள். கில்பர்ட்டும் அலியாரும் வாசலில் நின்றார்கள். கதவு ஒரு சாண் திறந்தே இருந்ததால் பேச்சு கேட்டது.

“வண்டிக்கு எஞ்சின் மாத்துனாங்களா? எப்ப?” என்றாள் மலிகா. “யாரும் சொல்லலையே. காலையில ஏழரைக்குக்கூடத் தடக் தடக்குன்னு வந்துட்டுப் போச்சே. பாத்திரம்லாம் ஆடுச்சு. சட்டியில சூடை மீன் போட்டுட்டுப் போனாரு. டீயும் வச்சேன்.”

அலியார் துள்ளிவிட்டார். “நான் எட்டு மணிக்குத்தான்டி வந்தேன்! நீ கதவே தொறக்கல. ரெண்டு வாரமா ஒரு சொட்டு டீ வைக்கல. தங்கச்சியே மறந்துட்டாளேன்னு நான் மனசொடிஞ்சு போறேன்.”

“குடிச்ச டம்ளர் தினம் படியில கிடக்கே காக்கா? முன்னெல்லாம் பாதி வச்சிட்டுப் போவீங்க. இப்ப ஒட்டக் குடிச்சிட்டுப் போறீங்களேன்னு நான் சந்தோஷப்பட்டேனே!”

உள்ளே ஜுவைரியா சிரிப்பது கேட்டது. வெளியே வந்தபோது அவள் முகத்தில் சிரிப்போடு யோசனையும் இருந்தது.

“கில்பர்ட்டு, ஒண்ணு கவனிச்சியா? மகன் துபாய்ல இருந்து சோப்பு டப்பா அனுப்புனாலே மூணு தெருவுக்குத் தெரியும். எஞ்சின் அனுப்பியிருக்கான்னு குல்சும் மாமி சொந்த நாத்தனார்கிட்டகூடச் சொல்லல.”

“ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ என்னவோ.”

“தினம் பேசிக்கிறாங்க,” என்றாள் ஜுவைரியா.

மறுநாள் காலை ஏழேகால். மலிகாவின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். படியில் டீ டம்ளரில் ஆவி பறந்தது. கில்பர்ட்டுக்கு அந்த டீயைத் தானே குடித்துவிடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஏழரைக்குத் தெரு முனையில் கேட்டது. தடக்... தடக்... டமார்!

அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று மோதின. அலியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். “என் எஞ்சின்தான்,” என்றார். தெரு முழுவதும் கதவுகள் ஒரு சாண் திறந்தன. சட்டிகள் வெளியே வந்தன.

வெள்ளை பிக்கப் நின்றது. பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தது. டிரைவர் இறங்கி, மலிகாவின் சட்டியில் ஊளி மீன் இரண்டு துண்டைப் போட்டுவிட்டு, டம்ளரை எடுத்து வாயில் வைத்தான். அந்த நொடியில் ஜுவைரியா கதவை விரியத் திறந்தாள்.

“சீனி போதுமா தம்பி?”

டீ மூக்கில் ஏறிவிட்டது. கில்பர்ட் போய்த் தார்ப்பாயை இழுத்தான். உள்ளே நீலமும் ஆரஞ்சுமாக, ‘கடல் டு கிச்சன் – ஒரே கிளிக்கில் ஃப்ரெஷ் மீன்’ என்று எழுதியிருந்தது. ஒரு மீன் கட்டை விரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தது.

புதுமடத்து நவ்ஷாத். சென்னையில் எம்.பி.ஏ. முடித்து, ஊரை முன்னேற்றப் போகிறேன் என்று திரும்பி வந்தவன். போன வருடம் அவன் ஆப்பைத் திறந்து வைத்தபோது கில்பர்ட்டே போய்ப் பிரியாணி சாப்பிட்டிருக்கிறான். பிரியாணியில் மீன் இல்லை.

“இது திருட்டு இல்லக்கா,” என்றான் நவ்ஷாத் இருமிக்கொண்டே. “இது அக்விசிஷன். பெரிய கம்பெனிங்க சின்னக் கம்பெனியை எடுத்துக்குற மாதிரி. கஸ்டமர் எங்க இருக்காங்கன்னு நான் ஆறு மாசம் டேட்டா எடுத்தேன். என் ஆப்பை டவுன்லோடு பண்ணவங்க நாலு பேர். அதுல ஒண்ணு நான், ஒண்ணு எங்க உம்மா. அலியார் மாமா வண்டிக்கு நூத்தியிருபது சட்டி வருது. மாமாகிட்ட என்ன இருக்கு? ஆப் இல்ல, ஆஃபர் இல்ல, வாய்கூடத் திறக்கல. சத்தம்தான்க்கா அவரோட பிராண்டு.”

“செல்போன்ல பதிவு பண்ணி ஸ்பீக்கர்ல போட வேண்டியதுதானே?” என்றான் கில்பர்ட்.

“போட்டேண்ணே. ஒருத்தரும் வரல. ஸ்பீக்கர்ல பாத்திரம் ஆடல.”

ஆறு மாதம் படித்தறிந்த டேட்டாவுக்கு கில்பர்ட் தன்னையறியாமல் மரியாதை செலுத்தினான்.

ஜுவைரியா அலியாரின் ஆர்.சி. புத்தகத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். “இதுல இருக்கிற எஞ்சின் நம்பர் இப்ப உன் வண்டியில ஓடுது. செக்போஸ்ட்டுல நிறுத்திப் பார்த்தா அதுக்கு அக்விசிஷன்னு சொல்லு, எழுதிக்குவாங்க. இன்னைக்கே மண்டபத்துக்குப் போறே. பழைய எஞ்சினையும் சைலன்சரையும் ஓட்டையோட மாமா வண்டில ஏத்துறே. உன் எஞ்சின் மாமாகிட்டயே இருக்கும். ரெண்டு வார வியாபாரம் அவருக்குப் போச்சே.”

“அப்ப என் வண்டிய நான் எப்படி ஓட்டுறது?”

“ஆப்புல ஓட்டு தம்பி,” என்றான் கில்பர்ட். “ஒரே கிளிக்கு.”

மூன்றாம் நாள் காலை அலியாரின் பிக்கப் பழைய சத்தத்தோடு தெருவில் திரும்பியது. அலியார் பல்லைக் காட்டிச் சிரித்து அதுவரை கில்பர்ட் பார்த்ததில்லை. மதியத்துக்குள் பெட்டியில் ஐஸ் மட்டும்தான் மிச்சம். ஆனால் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“புள்ள, எனக்கு ஒரு உதவி செய்யணும். குல்சும்கிட்ட அந்த நவ்ஷாத் பேரைச் சொல்லிராத. அஃப்ரித்துதான் எஞ்சின் அனுப்புனான், ஆனா ஆர்.சி. நம்பர் ஒத்து வராததால பழசையே மாட்டியாச்சு, மவன் அனுப்புனது பத்திரமா வீட்டுல இருக்கும்னு சொல்லிரு. அவன் பொய் சொன்னான்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. அவன் அனுப்புனதா அவ ஒண்ணையாவது நினைச்சுக்கட்டும்.”

“நீங்களே சொல்லலாமே மாமா?”

“எனக்குப் பொய் வராது. அவ கண்டுபிடிச்சிருவா.”

ஜுவைரியா உள்ளே போனாள். கில்பர்ட் ஜன்னலுக்குக் கீழே படியில் உட்கார்ந்தான். ஒட்டுக் கேட்கும் எண்ணம் அவனுக்கு இல்லை, ஆனால் எழுந்து போகும் எண்ணமும் இல்லை. சொல்லச் சொன்னதை ஜுவைரியா அப்படியே சொன்னாள். மகன்தான் அனுப்பியிருக்கிறான், தீர விசாரித்துவிட்டோம், வேறு யாரும் இல்லை என்றாள்.

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே,” என்றாள் குல்சும் சத்தமாக, வாசலுக்குக் கேட்கும்படி. “இதுக்குப் போயி துப்பறியிற ஆளைக் கூட்டியாந்தாராக்கும்.”

பிறகு குரல் தாழ்ந்தது. கில்பர்ட் காதை ஜன்னல் பக்கம் திருப்பினான்.

“நீ மாப்பிள்ளை விசாரிக்கிற புள்ளதானே? துபாய்ல யாருக்கு வேலை இருக்கு, யாருக்கு இல்லன்னு ஒரு போன்ல நீ தெரிஞ்சுக்குவியாம்னு சொல்றாங்க. என் மவனை மட்டும் விசாரிச்சிராத தாயி. அவனுக்கு வேலை போயி அஞ்சு மாசமாச்சு. பிரெண்டு ரூம்ல தரையில படுத்துக் கிடக்கான். என்கிட்ட மட்டும்தான் சொன்னான்.”

“அப்ப எஞ்சின் அவர் அனுப்பலைன்னு உங்களுக்கு...”

“அன்னைக்கே தெரியும். வாசல்ல நின்னு ஒருத்தன் உன் மவன் அனுப்புனான்னு சொல்றான். இல்ல, அவனால ஆகாதுன்னு நான் எந்த வாயால சொல்ல? சாவியை எடுத்து நீட்டிட்டேன். அப்புறம் மவனுக்குப் போன் போட்டு, வாப்பா கேட்டா ஆமான்னு சொல்லுடான்னேன். தெருவுல யார்கிட்டயும் சொல்லல, பொய்யைப் பரப்ப மனசு வரல. அவருக்கு மட்டும்தான். மவன் நல்லா இருக்கான்னு நினைச்சுக்கிட்டு வண்டி ஓட்டட்டும். நீ அவருகிட்ட மூச்சு விட்டுராத.”

கில்பர்ட் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெருவில் அலியார் வண்டியிலிருந்து இறங்கி, நன்றாக இருக்கும் டயரை உதைத்துப் பார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் மெல்ல அருகில் வந்தார்.

“என்ன தம்பி, நம்பிட்டாளா?”

கில்பர்ட் எழுந்து நின்றான்.

“முழுசா நம்பிட்டாங்க பாய்,” என்றான்.